ஜப்பான்காரர்களுக்கு உழைப்பு ரத்தத்திலேயே ஊறியதா?

டிப்ளமோ மெக்கானிக்:
வணக்கம். அடுத்த மாதம் ஐச்சி மாகாணத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன். மொழி வகுப்பு வாத்தியார், அவர்களுக்கு ஒழுக்கமும் உழைப்பும் ரத்தத்திலேயே ஊறியது என்கிறார். நிஜமாகவா? நமக்கு ஒத்துவருமா?

நகோயா ரிட்டர்ன்:
ரத்தத்தில் ஒன்றும் இல்லை தம்பி. நான்கு வருஷம் அங்கே அசெம்பிளி லைனில் நின்றவன் சொல்கிறேன். காலையில் ரேடியோ உடற்பயிற்சி, அப்புறம் ஒவ்வொரு மீட்டரையும் விரல் நீட்டிக் காட்டி "யோஷி!" (சரி!) என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் வாரம் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் வாய்விட்டுச் சொன்னால் கண் ஏமாறுவதில்லை.

மூன்றாவது வாரம் ஒரு போல்ட்டில் மரை கோணலாக ஏறிவிட்டது. தலைக்கு மேல் 'ஆண்டன்' கயிறு தொங்குகிறது, கோளாறு கண்டால் இழுக்க வேண்டியது. இழுத்தால் விளக்கு எரியும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். பயந்துபோய் அப்படியே விட்டுவிட்டேன். லைனில் இரண்டு ஸ்டேஷன் தள்ளி மாட்டிக்கொண்டது. ஹான்ச்சோ (எங்கள் குழுத் தலைவர்) வந்தார், செம டோஸ் என்று நினைத்தேன். "ஏன் இழுக்கவில்லை?" என்று மட்டும் கேட்டுவிட்டு, என் இடத்தில் நின்று தானே ஆறேழு போல்ட் முடுக்கிப் பார்த்தார். மறுநாள் போல்ட் தட்டு கைக்குப் பக்கத்தில், சாய்வாக இருந்தது. அதன்பிறகு கயிற்றை இழுக்க நான் யோசித்ததே இல்லை. இழுத்தால் முதலில் கிடைப்பது ஒரு "அரிகாதோ" (நன்றி).

பழைய ஃபோர்மேன்:
சரியாகச் சொன்னீர்கள். கலிபோர்னியா ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய ஆலையை, 1984இல் டொயோட்டாவோடு கூட்டு சேர்ந்து திறந்தார்கள். பெரும்பாலும் அதே ஆட்கள், அதே சங்கம். மட்டம் போடுவதற்குப் பேர்போன ஆலை அது. கொஞ்ச காலத்தில் தரத்துக்குப் பேர் வாங்கியது. அவர்களில் யாருக்கு ஜப்பான் ரத்தம்?

ஒசாகா மருமகள்:
மறுபக்கமும் சொல்லுங்களேன். என் வீட்டுக்காரர் முன்பு இருந்த கம்பெனியில் வேலை முடிந்ததாகக் கார்டு தேய்த்துவிட்டு மறுபடி வேலைக்கு உட்காருவார்கள். மேலாளர் கிளம்பாமல் யாரும் எழ மாட்டார்கள். வேலை செய்தே சாவதற்கு 'கரோஷி' என்று தனிச் சொல் வைத்திருக்கிற ஊர். 2018இல் சட்டம் திருத்தி, ஓவர்டைம் பொதுவாக மாதம் 45 மணி, வருடம் 360 மணி என்று வரம்பு வைத்தார்கள். சம்பளச் சீட்டில் மணிக்கணக்கை மாதாமாதம் சரிபாருங்கள்.

டிப்ளமோ மெக்கானிக்:
நன்றி அக்கா. அண்ணா, கயிற்றை இழுத்ததும் என்ன சொல்ல வேண்டும்?

நகோயா ரிட்டர்ன்:
"சுமிமாசென்" (மன்னிக்கணும்) என்று சொல்லி, கோளாறு இருக்கிற இடத்தை விரலால் காட்டு. மீதியை ஹான்ச்சோ பார்த்துக்கொள்வார். அப்புறம், தடிமனான சாக்ஸ் நாலு ஜோடி எடுத்துக்கொள். பிப்ரவரியில் தரை ஐஸ் மாதிரி இருக்கும்.