கிளிங்கான் கற்பதில் பயன் உண்டா?

கேள்வி: ஸ்டார் ட்ரெக் அறிவியல் புனைகதைத் தொடரைப் பார்த்ததிலிருந்து, அதில் வேற்றுக்கிரகவாசிகள் பேசும் கிளிங்கான் மொழியைக் கற்க ஆசை. வீட்டில் ஜெர்மன் படி என்கிறார்கள். இதனால் என்ன கிடைக்கும்?

பதில்: வேலைக்கு ஜெர்மன்தான், சந்தேகமே இல்லை. ஆனால் மொழி எப்படி இயங்குகிறது என்று பார்க்க கிளிங்கான் அருமை. இதை உருவாக்கிய மொழியியலாளர் மார்க் ஓக்ராண்ட் வேண்டுமென்றே செயப்படுபொருளை முதலிலும் எழுவாயைக் கடைசியிலும் வைத்தார், இரண்டுக்கும் வேற்றுமை உருபு கிடையாது, அதனால் வரிசை மாறினால் நாய் பூனையைக் கடித்ததா பூனை நாயைக் கடித்ததா என்பதே மாறிவிடும்.

பதில்: நமக்கு இன்னொரு வசதி. அதில் நாக்கை மடித்துச் சொல்லும் ஓர் ஒலி ஆங்கிலம் பேசுகிறவர்களைத் திணறடிக்கும், நமக்கு அது ‘வண்டி’யில் வரும் ‘டி’தான். வினையோடு விகுதிகளை ஒட்டிக்கொண்டே போவதும் பழகியதுதானே!

பதில்: மொழி கற்கும் செயலியான டுவோலிங்கோவில் 2018இல் கிளிங்கான் பாடம் வந்தது. அப்புறம் ஓக்ராண்டின் 1985 அகராதியை வாங்குங்கள், இலக்கணமும் அதிலேயே இருக்கிறது.