கேட்டால் மட்டும் சொல்வதா, கேளாமலும் சொல்வதா?

வயலோரம் (ஒட்டுசுட்டான்):
கிறிஸ்தவன் தன் விசுவாசத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது பாவம் என்று எங்கள் போதகர் சென்ற ஞாயிறு பிரசங்கித்தார். துணிவோடு வாய் திறக்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால், நம் நம்பிக்கையைக் குறித்து விசாரிப்பவர்களுக்கு விடை சொல்ல ஆயத்தமாக இருக்கும்படி கூறும் பேதுருவின் முதலாம் நிருபம் 3:15, அந்த விடையைச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் சொல்லும்படி அதே வசனத்திலேயே கட்டளையிடுகிறது. அயலவர் நம்மிடம் விசாரிக்கும்படி நாம் வாழ்கிறோமா என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

கோவிலடி (முள்ளியவளை):
நான் சைவன். கேட்டவருக்குச் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. விரும்பிய மதத்தை ஏற்கும் சுதந்திரத்தை இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எல்லோருக்கும் தருகிறது. ஆயினும் மதத்தைப் பரப்புவது அடிப்படை உரிமையாகாது என்று 2003இல் உயர் நீதிமன்றம், அருட்சகோதரிகளின் சபை ஒன்றைச் சட்டப்படியான நிறுவனமாகக் கூட்டிணைக்கும் சட்டமூலம் தொடர்பாகத் தீர்மானித்ததையும் மறக்க வேண்டாம். சட்டத்தை விடுவோம். மீள்குடியேறிய காலத்தில் எங்கள் ஒழுங்கையில் கணவரை இழந்த ஒரு பெண்ணுக்குத் தையல் இயந்திரம் கொடுத்தவர்கள், அடுத்த கிழமையே வந்து, சுவரில் இருந்த அம்மன் படத்தைக் கழற்றிவிடலாமே என்றார்கள். இடம்பெயர்ந்த இடமெல்லாம் சேலைத் துணியில் சுற்றி அவர் காப்பாற்றி வந்த படம் அது. இதையா துணிவு என்கிறீர்கள்?

சபை ஊழியன் (கிளிநொச்சி):
அவர்கள் செய்தது தவறு. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் ஐயா, நீங்கள் சொன்ன அதே வழக்கில் அச்சகோதரிகளின் மத உரிமை மீறப்பட்டதாக 2005இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு முடிவு செய்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வயலோரம் சகோதரருக்கும் ஒரு வார்த்தை. கேட்டால் மட்டும் சொல்வதென்றால், கண்டதையும் கேட்டதையும் பேசாமல் இருக்க முடியாது என்று பேதுருவும் யோவானும் அதிகாரிகளின் முன் ஏன் சொன்னார்கள்? கசிப்பில் அழிந்துகொண்டிருந்த ஒருவர், சந்தியில் எங்கள் ஆள் பேசியதைக் கேட்டுத்தான் குடியை விட்டார். அவர் எங்களிடம் எதையும் விசாரித்துக்கொண்டு வரவில்லை. நாங்கள் மௌனமாக இருந்திருந்தால் அவருடைய பிள்ளைகளின் நிலை என்ன?

வயலோரம்:
அந்த மனிதர் மீண்டதற்காக நானும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் அத்தேனே பட்டணத்தில் பவுல் செய்ததைப் பாருங்கள். சிலைகள் நிறைந்த அந்தப் பட்டணம் அவருடைய ஆவியை வைராக்கியம் கொள்ளச் செய்தது. அப்படியிருந்தும் அவர் எவருடைய பலிபீடத்தையும் இடிக்கச் சொல்லித் தொடங்கவில்லை, ஒரு பலிபீடத்தில் 'அறியப்படாத தேவனுக்கு' என்று எழுதியிருந்ததை வாசித்துவிட்டே பேசினார். பேச்சின் முடிவில் உயிர்த்தெழுதலை மறைக்கவும் இல்லை. சிலர் பரியாசம் பண்ணியபோது அதைத் தாங்கிக்கொண்டார். நான் சொல்லும் துணிவும் தாழ்மையும் இவைதான்.

வன்னியில் இதற்கு அத்தேனே வரை போகத் தேவையில்லை. உருத்திரபுரத்தின் பங்குத்தந்தையாக இருந்து, 2009 மே 18ஆம் திகதி உயிர் நீத்த சரத்ஜீவன் அடிகளார், இறுதிவரை மக்களை விட்டு வெளியேறவில்லை. சைவர், வேதக்காரர் என்று பிரித்துப் பார்த்து அவர் அங்கே நிற்கவும் இல்லை. நமக்கு அவ்வளவு பெரிய சோதனை வருவதில்லை. அயலில் ஒரு செத்த வீடு என்றால் பந்தல் போடவும் தண்ணீர் அள்ளவும் போகிறோமா, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று மரக்கறி வெட்ட இருக்கிறோமா என்பதுதான் நம் அளவு. ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பார்க்கப் போனால், செபிக்கலாமா என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் கோபிக்காமல் பக்கத்தில் இருந்துவிட்டு வர வேண்டும். உதவி கொடுக்கும் நாளில் பிரசங்கம் கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஏனென்றால் பசித்தவர் 'ஆமென்' என்றால் அது அரிசிக்கா, ஆண்டவருக்கா என்று அவருக்கே தெரியாமல் போய்விடும்.

கோவிலடி:
இயேசுவே வழி என்று நம்பும் ஒருவர் அதை மறைத்து என்னுடன் பழகுவதைவிட, முகத்துக்கு நேரே சொல்வதையே நான் விரும்புகிறேன். நானும் என் சிவனைப் பற்றி அவருக்குச் சொல்வேன். ஊழியர் அவர்களே, நடந்தது தவறு என்று நீங்கள் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் படம் சுவரில் இருந்தாலும் இயந்திரம் உங்களுடையதுதான் என்று அந்தப் பெண்ணிடம் போய் யார் சொல்வது?

சபை ஊழியன்:
அந்த உதவி எங்கள் சபையினுடையது அன்று. ஆயினும் வீட்டைக் காட்டுங்கள் ஐயா. நான் வந்து சொல்கிறேன்.