5 மீட்டர் திறந்த படகுக்கு எந்த விஎச்எஃப் (கடல் ரேடியோ)? கையில் வைப்பதா, கன்சோலில் பொருத்துவதா?

புதுச்சுக்கான்:
படகு 5.2 மீட்டர் ஃபைபர். கேபின் கிடையாது, நடுவில் ஒரு கன்சோல், பின்னால் ஒற்றை அவுட்போர்டு, ஒரே ஒரு பேட்டரி. நானும் மச்சானும் வாரக்கடைசியில் தூண்டில் போடப் போவோம். கரையிலிருந்து 4 கடல் மைல், மிஞ்சினால் 6. போன வாரம் எஞ்சின் நடுக்கடலில் சண்டித்தனம் பண்ணியது. அரை மணி நேரம் கழித்து அதுவாகவே கிளம்பிவிட்டது. ஆனால் அந்த அரை மணி நேரமும் போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. அதனால் ரேடியோ வாங்குவது முடிவாகிவிட்டது. ஒரே ஒரு செட்டுக்குத்தான் வீட்டில் அனுமதி. 5 வாட் ஹேண்ட்ஹெல்டா, 25 வாட் ஃபிக்ஸட் செட்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

டெசிபல்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஃபிக்ஸட்தான். விஎச்எஃப் அலை 156 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுவது. ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், கடலின் வளைவுக்கு அப்பால் இறங்காது. ஆகவே ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுதான் எட்டும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.2ஆல் பெருக்கினால் கடல் மைல் வந்துவிடும். உட்கார்ந்துகொண்டு கையில் பிடித்தால் ஆன்டெனா நீர்மட்டத்துக்கு 1 மீட்டர் மேலே இருக்கும், 2.2 மைல். கன்சோலில் 2.4 மீட்டர் ஆன்டெனாவை நட்டால் அதன் நுனி மூன்றரை மீட்டருக்கு வரும், 4 மைலுக்குக் கொஞ்சம் மேல். அதோடு 25 வாட். முடிந்தது.

வெள்ளிமீன்:
கணக்கை பாதியில நிறுத்திட்டீங்களே சார். எதிர்முனையோட உயரத்தையும் கூட்டணும்ல? கரை நிலையத்து ஆன்டெனா 100 மீட்டர்ல இருந்தா அதுக்கே 22 மைல். என் 2.2ஐ சேர்த்தா 24. உங்க 4ஐ சேர்த்தா 26. நம்ம ஆள் போறதே 6 மைல். இதுக்கு எதுக்கு கன்சோல்ல ஓட்டை போட்டு, கேபிள் இழுத்து, பேட்டரியில கை வச்சு?

டெசிபல்:
100 மீட்டர் கோபுரம் எல்லாக் கரையிலும் இருக்கிறதா என்ன? அது போக, நேர்கோடு தெரிந்தால் மட்டும் போதாது, சத்தமும் போய்ச் சேர வேண்டும். 5 வாட்டுக்கும் 25க்கும் 7 டெசிபல் வித்தியாசம். ஹேண்ட்ஹெல்டின் ரப்பர் குச்சி ஆன்டெனா அதற்கு மேலும் கொஞ்சத்தைத் தின்னும். பிடித்திருக்கும் ஆளின் உடம்பே ஒரு பக்கம் மறைக்கும். முக்கியமாக, உங்களை முதலில் வந்து இழுத்துப் போவது கோபுரம் அல்ல, பக்கத்தில் போகும் இன்னொரு படகு. ஹேண்ட்ஹெல்டுக்கும் ஹேண்ட்ஹெல்டுக்கும் நடுவே 4.4 மைல்தான். ஃபிக்ஸடுக்கும் ஃபிக்ஸடுக்கும் 8. பரப்பாகப் பார்த்தால் மூன்று மடங்குக்கு மேல். அத்தனை கடலில் இருக்கும் படகுகள் உங்கள் குரலைக் கேட்கும்.

கரையோரம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இப்போது சாட்டிலைட் வழியாகவே அவசரச் செய்தி அனுப்பும் போன்கள் வந்துவிட்டன. அதை வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

டெசிபல்:
செய்தி வானத்துக்குப் போய், ஏதோ ஒரு மையத்துக்கு இறங்கி, அங்கிருந்து மீட்பு நிலையத்துக்குப் போகும். அரை மைல் தள்ளி வலை போட்டுக்கொண்டிருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆபத்து அழைப்புக்கென்று எல்லோரும் கேட்கும் சேனல் 16இல் ஒரு குரல் கொடுத்தால் அவர், அவருக்குப் பின்னால் போகும் கப்பல், கரை எல்லோருமே ஒரே நேரத்தில் கேட்பார்கள். போனும் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை.

வெள்ளிமீன்:
இதுல மட்டும் டெசிபல் சார் கட்சிதான் நான்.

ஆனா பரப்பளவு கணக்கெல்லாம் படகு நிமிர்ந்து நிக்கிற வரைக்கும்தான். என் கதையைச் சொல்றேன். மூணு வருஷம் முன்னாடி நங்கூரம் பாறையில மாட்டிக்கிச்சு. முன்பக்கம் இழுத்துப் பார்த்து வரலன்னு கயித்தைப் பின்பக்கத்துக்குக் கொண்டு போய் கட்டினேன். எஞ்சின் வெயிட், ரெண்டு பேர் வெயிட், கயித்தோட இழுப்பு எல்லாம் ஒரே மூலையில. ஒரு அலை உள்ள ஏறுச்சு, அடுத்தது ஏறும்போது படகு இல்ல. எண்ணி பத்து நொடி இருக்கும். கன்சோல்ல அருமையான 25 வாட் செட் இருந்துச்சு. பேட்டரி முங்கினதும் அது வெறும் பெட்டி. ஒரு ஹேண்ட்ஹெல்டும் இருந்துச்சு, முன்னாடி லாக்கர்ல, பைக்குள்ள. கவுந்த படகுக்கு அடியில போய் லாக்கரைத் திறந்து பாருங்க, தெரியும். ரெண்டு மணி நேரம் படகு முதுகைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தோம், தற்செயலா ஒரு படகு வர்ற வரைக்கும்.

அன்னைலேர்ந்து செட்டு லைஃப் ஜாக்கெட்லதான், கயிறு போட்டு. மூணு வருஷமா கழட்டினதில்ல.

டெசிபல்:
படிக்கவே பதறுகிறது. தப்பி வந்தீர்களே, அது போதும். நங்கூரக் கயிற்றைப் பின்பக்கம் கட்டக்கூடாது என்பதைப் புதியவர்கள் இந்தத் திரியிலிருந்தே படித்துக்கொள்ளட்டும்.

ஆனால் நீரில் மிதக்கும் ஆள் செட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாலும் 30 சென்டிமீட்டர் உயரம் வரும். 1.2 மைல். கேள்வி கேட்டவருக்கு வந்த கஷ்டம் கவிழ்ந்தது அல்ல, எஞ்சின் நின்றது. படகு நிற்கிறது, பேட்டரி இருக்கிறது, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகிறது. மணிக்கணக்கில் பேச வேண்டியிருக்கும். ஹேண்ட்ஹெல்டு பெட்டியில் போட்டிருக்கும் மணி நேரம் எந்தக் கணக்கு தெரியுமா? 5 சதவீதம் பேசுவது, 5 சதவீதம் கேட்பது, மீதி 90 சதவீதம் சும்மா இருப்பது. ஆபத்தில் யார் சும்மா இருப்பார்கள்? சார்ஜ் இறங்கினால் சில செட்டுகள் தானாகவே 1 வாட்டுக்கு இறங்கிவிடும்.

இன்னொன்று டிஎஸ்சி, அதாவது ஆபத்துச் செய்தியைப் பேசாமலே ஒரு பட்டனில் அனுப்பும் வசதி. சிவப்பு மூடியைத் திறந்து பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் போதும். உங்கள் எம்எம்எஸ்ஐ எண் (படகின் ரேடியோ அடையாள எண்) ஒன்பது இலக்கமும், படகு இருக்கும் இடமும், நேரமும் சேனல் 70இல் டிஜிட்டலாகப் போகும். யாரும் ஏற்றுக்கொள்ளாவிட்டால் ஏறக்குறைய 4 நிமிடத்துக்கு ஒருமுறை தானே திரும்ப அனுப்பும். நீங்கள் அந்த நேரம் தண்ணீர் இறைக்கலாம். டி வகுப்பு ஃபிக்ஸட் செட்டில் சேனல் 70ஐக் கேட்க மட்டுமே தனி ரிசீவர் உண்டு.

வெள்ளிமீன்:
டிஎஸ்சி ஹேண்ட்ஹெல்டுலயும் வந்தாச்சு சார், ஜிபிஎஸ் உள்ளயே இருக்கு. கம்பி கோக்குற வேலையே இல்ல.

பழைய நங்கூரம்:
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். டெசிபல் தம்பி, ஒரு சின்ன வேலை. உங்கள் படகு எங்கே நிற்கிறதோ அங்கே போய் செட்டை ஆன் செய்யுங்கள். திரையில் அட்சரேகை, தீர்க்கரேகை ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். பட்டனைத் தொட வேண்டாம்.

டெசிபல்:
ஐயா, அது இல்லாமலா? ஐந்து வருடமாக ஓட்டுகிறேன். சரி, நாளை பார்க்கிறேன்.

புதுச்சுக்கான்:
அதற்குள் ஒரு சந்தேகம். நான் போகும் வழியில் தாழ்வான பாலம் ஒன்று உண்டு. 2.4 மீட்டர் ஆன்டெனா இடிக்கும். ஒரு மீட்டர் ஆன்டெனா போட்டால் ஆகாதா?

வெள்ளிமீன்:
மடக்குற அடித்தாங்கி கிடைக்கும், பாலத்துக்கிட்ட சாய்ச்சுட்டு அப்புறம் நிமித்திக்கலாம். நிமித்த மறந்தா போச்சு, படுத்த ஆன்டெனா பாதி ஊமை.

பழைய நங்கூரம்:
ஒரு மீட்டரும் கெட்டுப்போகாது. ஆன்டெனா பெட்டியில் அதன் கெயின் 3 டெசிபல், 6 டெசிபல், 9 டெசிபல் என்று போட்டிருப்பான். எண் கூடக்கூட அலை தட்டையாகப் பரவும். பெரிய கப்பலுக்கு அது லாபம். நம் படகு அலையில் தலையாட்டுகிற ஆட்டத்தில் அந்தத் தட்டை ஒருமுறை வானத்தைப் பார்க்கும், மறுமுறை தண்ணீரைப் பார்க்கும். சின்னப் படகுக்கு 9 வேண்டவே வேண்டாம். கேபிளை மட்டும் மிச்சமென்று சுருட்டி வைக்காதீர்கள். மெல்லிய ஆர்ஜி 58 கேபிள் பத்து மீட்டருக்கு 2 டெசிபலை விழுங்கிவிடும். 25 வாட் விட்டால் 16 வாட்தான் மேலே போகும்.

பிறகு திசைகாட்டி. செட்டின் ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது. மைக்கிலும் இருக்கிறது. கன்சோலில் அழகாக இருக்கிறதென்று திசைகாட்டியின் பக்கத்தில் திருகிவிட்டு, ஊசி இருபது டிகிரி ஏமாற்றுகிறதே என்று தலையைச் சொறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய செட்டு யாராவது கொடுத்தால் கவனம். எம்எம்எஸ்ஐ எண்ணைப் பல செட்டுகளில் ஒருமுறை, இல்லையென்றால் இரண்டு முறைதான் போட முடியும். முந்தைய ஆளின் எண் உள்ளேயே இருந்தால், நீங்கள் பட்டனை அழுத்தும்போது தேடுகிறவர்கள் அவர் படகைத் தேடுவார்கள்.

டெசிபல்:
போய்ப் பார்த்தேன்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். திரையில் இடம் இல்லை. வெறும் கோடுகள். ஆன் செய்ததும் ஒரு பீப் அடித்தது. அந்தப் பீப் எனக்குப் பழக்கமான பீப்தான். ஒவ்வொரு முறையும் அடிக்கும், நானும் ஒரு பட்டனைத் தட்டி அடக்கிவிடுவேன். இடம் கிடைக்கவில்லை என்று அது இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

நான்கு திருகைக் கழற்றிப் பின்னால் எட்டிப் பார்த்தேன். நீலம், பச்சை, இரண்டு கம்பிகள் கருப்பு டேப்பைச் சுற்றிக்கொண்டு தனியாகத் தொங்குகின்றன. பொருத்திக் கொடுத்தவர் மின்சாரத்தையும் ஆன்டெனாவையும் மட்டும் கொடுத்துவிட்டு, ஜிபிஎஸ்ஸிலிருந்து வர வேண்டியதை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஐந்து வருடம். நான் சிவப்புப் பட்டனை அழுத்தியிருந்தால் இன்னார் ஆபத்தில் என்று மட்டும் போயிருக்கும், எங்கே என்று போயிருக்காது.

வெள்ளிமீன்:
இதைச் சொல்ல ஒரு மனசு வேணும் சார். நான் இங்க கேலி பண்ணப் போறதில்ல.

பழைய நங்கூரம்:
பத்துப் படகில் ஏறிப் பார்த்தவன் கேட்கிற கேள்வி அது, தம்பி. மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். ப்ளாட்டரிலிருந்து (ஜிபிஎஸ் வரைபடத் திரை) இடத் தகவலைக் கொண்டு வருகிற என்எம்இஏ 0183 வெளியீட்டைச் செட்டின் உள்ளீட்டோடு கோர்த்தால் போதும், இரண்டு கம்பிதான். எந்த நிறம் எதற்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டைப் பார்த்துவிட்டே தொடுங்கள். இரண்டிலும் தகவல் போகும் வேகம் 4800 என்று இருக்கட்டும்.

டெசிபல்:
கோர்த்தாயிற்று. இப்போது எண்கள் ஓடுகின்றன. ஆனாலும் என் வாதம் மாறவில்லை. கோளாறு பொருத்தியதில், செட்டில் அல்ல. ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கும் ஃபிக்ஸட் செட்டுகளும் உண்டு. புதுச்சுக்கான் அதைத்தான் பார்க்க வேண்டும்.

புதுச்சுக்கான்:
எனக்கு உறுத்துவது என் ஒற்றை பேட்டரிதான். அதே பேட்டரிதான் எஞ்சினையும் கிளப்புகிறது.

டெசிபல்:
25 வாட்டில் பேசும்போது 5, 6 ஆம்பியர் இழுக்கும். சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் அரை ஆம்பியருக்குள். பேட்டரியிலிருந்து தனி வயர், தனி ஃபியூஸ். எஞ்சினைக் கிளப்பும்போது மின்னழுத்தம் விழுந்து செட்டு அணைந்து எழும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

வெள்ளிமீன்:
எஞ்சின் கிளம்பலைன்னா என்ன பண்ணுவீங்க? சாவியைத் திருப்பித் திருப்பிப் பேட்டரியைக் கொல்லுவீங்க. எல்லாரும் அதைத்தான் பண்ணுவோம். பேட்டரி செத்தா ரேடியோவும் செத்துச்சு. எஞ்சின் நின்ன கதைக்கு ஃபிக்ஸட்னு சொன்னீங்களே சார், அந்தக் கதையிலயே ஓட்டை இருக்கு.

டெசிபல்:
இதற்கு உடனே பதில் இல்லை. இரண்டாவது பேட்டரி என்று சொல்வேன், அவருக்குச் செலவு ஏறும். ஒப்புக்கொள்கிறேன், ஒற்றை பேட்டரி என்பது என் பக்கத்துப் பலவீனம்.

புதுச்சுக்கான்:
அப்போது இப்படி முடிவெடுக்கிறேன்: டிஎஸ்சி, ஜிபிஎஸ் உள்ள, மிதக்கிற ஹேண்ட்ஹெல்ட். 4 மைலுக்கு மேல் போவதை இப்போதைக்கு நிறுத்திக்கொள்கிறோம்.

டெசிபல்:
எனக்குச் சம்மதமில்லை, உங்கள் படகு. வாங்குவதானால் ஐபிஎக்ஸ் 7 குறியாவது இருக்க வேண்டும், அதாவது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. உப்புத் தண்ணீர் பட்டால் அன்றே கழுவுங்கள், சார்ஜ் ஏறும் செம்பு முனைகள்தான் முதலில் பச்சையாகும். உங்கள் நாட்டில் உரிமம், எம்எம்எஸ்ஐ விதி எப்படி என்று கேட்டுவிட்டு எண்ணைப் போடுங்கள்.

புதுச்சுக்கான்:
சரி சார். இப்போது மச்சான் ஒரு கேள்வி கேட்கிறான். செட்டு ஒன்று, ஆள் இரண்டு. யார் மாட்டிக்கொள்வது?

வெள்ளிமீன்:
ஓட்டுறவர். எஞ்சின் கிட்ட இருக்குறவர்தானே முதல்ல விழுவார்.

டெசிபல்:
அவர் விழுந்தால் செட்டும் அவரோடு போய்விட்டது. படகில் நிற்கும் மச்சான் எதில் கூப்பிடுவார்? எஞ்சினை நிறுத்தும் கயிறும் ஓட்டுபவரின் மணிக்கட்டில் இருந்தால் எஞ்சினும் நின்றிருக்கும்.

வெள்ளிமீன்:
விழுந்தவரே கூப்பிடுவார்.

டெசிபல்:
தலையில் அடிபட்டு விழுந்தால்?

வெள்ளிமீன்:
அப்ப மச்சான் மாட்டட்டும்.

டெசிபல்:
அப்போது படகு கவிழாமல் நீங்கள் மட்டும் விழுந்து, நீரோட்டம் இழுத்துப் போனால்?

புதுச்சுக்கான்:
இருங்கள், இருங்கள். மச்சான் இதையெல்லாம் என் தோளுக்கு மேலிருந்து படித்துக்கொண்டிருக்கிறான். வீட்டில் மறுபடியும் பேசிப் பார்க்கிறோம், இரண்டு செட்டுக்கு.