பெயிண்ட்பாலில் குறி ஒருசீராக அமைய பேரலை மாற்ற வேண்டுமா?

ஸ்காபரோவாசி:

அனைவருக்கும் வணக்கம். ரொறன்ரோவில் இரண்டு கோடைகாலங்களாக நண்பர்களோடு வார இறுதிகளில், சாயக்குண்டால் எதிரணியினரைச் சுட்டு வெளியேற்றும் பெயிண்ட்பால் ஆட்டத்தை ஆடி வருகிறேன். முதலாண்டு மைதானத்தில் வாடகைக்குக் கிடைத்த, குண்டு சுடும் கருவியான மார்க்கரைப் பயன்படுத்தினேன். இவ்வாண்டு கரியமில வாயுவில் இயங்கும் பழைய மார்க்கர் ஒன்றைச் சொந்தமாக வாங்கினேன். பதினைந்து மீட்டருக்குள் இருப்பவரை அடிப்பதில் எனக்குச் சிக்கல் இல்லை. முப்பது மீட்டர் தள்ளி ஒரு தடுப்பின் ஓரத்தில் முகமூடி தெரிகிறபோதுதான், அசையாமல் நின்று ஒரே இடத்தைக் குறிவைத்துச் சுட்டாலும், முதல் குண்டு தலைக்கு மேலே போகிறது, அடுத்தது முன்னாலேயே தரையில் விழுகிறது, மூன்றாவது பாதி வழியில் வலப்பக்கம் வளைந்துவிடுகிறது.

சென்ற வாரம் என்னை நம்பி முன்னேறிய இருவர், எதிரணியினர் தலைதூக்காதபடி நான் சுட்டுத் தடுக்க முடியாததால் வெளியேற நேர்ந்தது. அது இன்னும் மனத்தை உறுத்துகிறது. 16 அங்குல நீளமும் உள்ளே திருகுவரிகளும் கொண்ட பேரலை, அதாவது சுடுகுழலை, வாங்கினால் சரியாகிவிடும் என்று ஒரு கடையில் கூறினார்கள். விலை அதிகமாக இருப்பதால், வாங்குவதற்கு முன் அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மைதான நடுவர்:

தம்பி, அந்தப் பணத்தை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். திருகுவரி துப்பாக்கி ரவைக்கு உதவுவதற்குக் காரணம், உலோக ரவை அந்த வரிகளில் இறுகப் பதிந்து சுழன்றுகொண்டே வெளிவருவதுதான். நாம் சுடுவதோ 0.68 அங்குல விட்டமும் ஏறத்தாழ 3 கிராம் எடையும் உள்ள ஜெலட்டின் உருண்டை. அதற்குள் பாலிஎத்திலின் கிளைக்கால் கலந்த சாயம் திரவமாக நிற்கிறது. மெல்லிய தோல் வரிகளில் பதியாது. தோல் சற்றுச் சுழன்றாலும் உள்ளிருக்கும் திரவம் அதோடு ஒன்றாய்ச் சுழலாது. வால்பகுதியில் இறகுபோன்ற அமைப்புடைய ஃபர்ஸ்ட் ஸ்டிரைக் குண்டுகளுக்கு அத்தகைய பேரல் பயன்படும், ஆனால் அவற்றை உங்கள் மார்க்கரின் குண்டுக் கொள்கலமான ஹாப்பரில் கொட்டிச் சுட முடியாது. நீளமும் அப்படியே: எட்டு அங்குலத்துக்குள் குண்டு தன் வேகத்தின் பெரும்பகுதியைப் பெற்றுவிடுகிறது, அதற்கு மேலுள்ள துளையிட்ட பகுதி ஓசையைக் குறைப்பதற்கே பெரிதும் உதவுகிறது.

உங்கள் விவரிப்பில் இரண்டு நோய்கள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் மருந்து தெரியும். குண்டு மேலும் கீழுமாகச் சிதறினால் வேகத்தைச் சந்தேகிக்க வேண்டும். பக்கவாட்டில் வளைந்தால் குண்டையும் பேரலின் உட்புறத்தையும் சந்தேகிக்க வேண்டும். காலையில் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் முன் நின்று, மைதானத்தின் வேக வரம்பைத் தாண்டவில்லை என்று ஒரே ஒரு குண்டில் உறுதிசெய்துகொண்டு ஆட்டத்துக்குப் போய்விடுகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். பத்துக் குண்டுகளைச் சுட்டு, பத்து எண்களையும் எழுதிப் பாருங்கள். முப்பது மீட்டரைக் கடப்பதற்குள் குண்டு காற்றின் தடையால் தன் வேகத்தில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடுகிறது. எனவே வினாடிக்கு 270 அடியில் புறப்பட்ட குண்டும் 290 அடியில் புறப்பட்ட குண்டும் அங்கே போய்ச் சேரும்போது அரைச் சாண் உயர வேறுபாடு வந்துவிடும். தடுப்பின் ஓரத்தில் தெரிகிற முகமூடிக்கு அந்த அரைச் சாணே போதும்.

கரியமில வாயு இதை இன்னும் மோசமாக்கும். 21 பாகை செல்சியசில் சிலிண்டருக்குள் சதுர அங்குலத்துக்கு 850 பவுண்டு அளவில் இருக்கும் அழுத்தம், 0 பாகையில் 500 பவுண்டு அளவுக்கு இறங்கிவிடும். அடுத்தடுத்துச் சுடும்போது திரவம் ஆவியாகிச் சிலிண்டர் குளிர்ந்துவிடுவதால், கோடையிலும் வேகம் படிப்படியாகத் தளரும். உயரழுத்தக் காற்றுச் சிலிண்டரில் ரெகுலேட்டர் ஒரே அழுத்தத்தை வெளிவிடும். உங்கள் மார்க்கர் அதை ஏற்குமானால், பேரலுக்கு ஒதுக்கிய பணத்தை அதற்குச் செலவிடுங்கள். வாயுவை மாற்றியபின் வேகத்தை மீண்டும் அளந்து வரம்புக்குள் அமைக்க மறக்க வேண்டாம்.

கிள்ளான் ஆட்டக்காரர்:

நடுவர் ஐயா வேகத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் குண்டைப் பற்றிச் சொல்கிறேன். மலேசியாவின் ஈரக்காற்றில் ஆடும் எங்களுக்கு இதுதான் முதல் தலைவலி. ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சும் பொருள். பையைத் திறந்து வைத்துவிட்டு மதிய உணவுக்குப் போய் வந்தால், காலையில் உருண்டையாக இருந்த குண்டு மாலையில் பருத்து, மென்மையாகி, சில வேளை குழி விழுந்தும் கிடக்கும். உங்கள் ஊர்க் கோடையும் புழுக்கமானது என்று அங்கிருக்கும் என் அக்கா சொல்வார். குழி விழுந்த குண்டு நேராகப் போகும் என்று எதிர்பார்க்கவே கூடாது. குளிர்காலத்தில் நேர்மாறாக, தோல் நொறுங்கும் தன்மை பெற்றுப் பேரலுக்குள்ளேயே உடையும். உடைந்த சாயம் உள்ளே ஒட்டியிருக்கும்வரை அடுத்து வரும் குண்டுகள் சுருண்டு சுருண்டு போகும், ஆகவே துடைப்பானை இடுப்புப் பையிலேயே வைத்திருங்கள்.

பேரலின் உட்குழாய் அளவு குண்டுக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். மார்க்கரிலிருந்து பேரலைத் தனியே கழற்றி, குண்டை ஒரு முனையில் வையுங்கள். தானாக உருண்டு வெளியே விழுந்தால் குழாய் பெரிது. தானாக விழாமல், வாயால் ஊதியதும் வெளிவந்தால் பொருத்தம் சரி. கடைகளில் 0.679 முதல் 0.693 அங்குலம் வரையிலான மாற்றுக் குழாய்கள் தொகுப்பாகவே கிடைக்கின்றன. என் அனுபவத்தில் பொருத்தத்தைவிடக் குண்டின் புதுமையும் உருண்டை வடிவமும் முக்கியமானவை. பழைய குண்டை எந்தக் குழாயாலும் திருத்த முடியாது.

பின்வரிசை:

கருவியைப் பற்றி இருவரும் சொல்லிவிட்டதால் பயிற்சியைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். முகமூடி அணியாமல் குறி பழகுபவர்கள் ஆட்டத்தில் தடுமாறுவார்கள். பாதுகாப்புக்காகவும் முகமூடியைக் கழற்றக் கூடாது, பழக்கத்துக்காகவும் கழற்றக் கூடாது. மார்க்கரின் பின்பகுதி தோளில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பதிய வேண்டும். விசையை வெடுக்கென்று இழுத்தால் முனை பக்கவாட்டில் அசையும். தடுப்புக்குப் பின்னாலிருந்து வெளிவந்து, ஒரே குண்டைச் சுட்டு, உடனே உள்ளே திரும்பும் பயிற்சியை இரண்டு தோள்களிலும் செய்யுங்கள். நூறு குண்டுகளைத் தொடர்ந்து கொட்டுவதைவிட இதில் இருபது குண்டுகள் அதிகம் கற்பிக்கும்.

முப்பது மீட்டரை இருபது மீட்டராக்க வழியிருக்கிறதா என்று ஒவ்வோர் ஆட்டத்திலும் பார்க்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்சயரில் பன்னிரண்டு பேர், மரங்களிலும் மாடுகளிலும் அடையாளமிடச் செய்யப்பட்ட நெல்ஸ்பாட் மார்க்கர்களைக் கொண்டு முதல் ஆட்டத்தை ஆடினார்கள். அதில் வென்றவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை, யாருக்கும் தென்படாமல் காட்டுக்குள் நடந்தே கொடிகளைச் சேகரித்தார்.

ஸ்காபரோவாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பேரல் வாங்கவில்லை. சனிக்கிழமை பத்துக் குண்டுகளைச் சுட்டு அளந்தபோது வேகம் 262 அடியிலிருந்து 291 அடிவரை தாவியது. எங்கள் மைதானத்தின் வரம்பு 285 என்பதால், இதுவரை சிலரை வரம்பு மீறிய வேகத்தில் அடித்திருக்கிறேன் என்பதை அறிந்து உண்மையிலேயே வருந்தினேன். நண்பரின் காற்றுச் சிலிண்டரைப் பொருத்தி, வேகத்தைக் குறைத்து அமைத்தபின் அனைத்தும் 272க்கும் 279க்கும் இடையில் நின்றன. மேலும் கீழுமான சிதறல் பெருமளவு அடங்கிவிட்டது. வலப்பக்க வளைவு மட்டும் சில குண்டுகளில் தொடர்கிறது. அவை சென்ற மாதம் திறந்த பையில் மிஞ்சியவை, ஆதலால் அடுத்த வாரம் புதிய பெட்டியோடு சோதித்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.