.303 ரவுண்டு எல்லாம் எப்படி எடுத்துட்டுப் போறீங்க? மேகசின்ல (ரைஃபிளோட தோட்டா பெட்டி) ரெண்டு ரெண்டா சிக்குது

புதுப்போல்ட்:
வணக்கம் மக்களே. லைசென்ஸ் கைக்கு வந்து, பழைய ஆர்மி சரக்குல ஒரு லீ என்ஃபீல்டு நம்பர் 4 ரைஃபிள் (.303 தோட்டா போடுறது) வாங்கியிருக்கேன். தோட்டாவ ஒரு துணிப்பைல லூசா கொட்டி ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போறேன், அங்க போய் ஒண்ணொண்ணா கையால திணிக்கிறது. பத்து போட்டா நாலாவது அஞ்சாவதுல போல்ட் (தோட்டாவ உள்ள தள்ளுற கைப்பிடித் தண்டு) பாதியில நின்னுடுது, தள்ளினா ரெண்டு தோட்டா சேர்ந்து முண்டுது. ஸ்ப்ரிங் போச்சா? இன்னும் ரெண்டு மேகசின் வாங்கி வீட்லயே ரொப்பிட்டுப் போயிடலாமான்னு பாக்குறேன். அப்புறம் சில தோட்டா பச்சை பூத்திருக்கு, எண்ணெய் போட்டுத் தொடச்சா போதுமா?

பழையபித்தளை:
ஸ்ப்ரிங்க திட்டாதீங்க, இது ரிம் லாக். .303 அடியில விளிம்பு துருத்திட்டு இருக்குல்ல, மேல இருக்குற தோட்டாவோட விளிம்பு கீழ இருக்குறதோட விளிம்புக்குப் பின்னாடி போய் உக்காந்துட்டா, போல்ட் மேல உள்ளத தள்ளும்போது அது கீழ உள்ளதையும் இழுத்துட்டு வரும். கையால போடும்போது ஒவ்வொண்ணோட விளிம்பும் முன்னாடி போட்டதுக்கு முன்னால விழணும், அவ்ளோதான். சிக்கினா போல்ட்ட அடிச்சுத் தள்ளாதீங்க, பாரல் டார்கெட் பக்கமே இருக்கட்டும், மேகசின கழட்டி எடுங்க.

எக்ஸ்ட்ரா மேகசின் வீண் செலவு. கழட்ட வருதேன்னு அது மாத்தி மாத்திப் போட செஞ்சது இல்ல, சிப்பாய்ங்க மேல இருந்து சார்ஜர்லதான் (அஞ்சு தோட்டாவ சேத்துப் பிடிக்குற தகடு கிளிப்) ரொப்புவாங்க, அஞ்சு அஞ்சா ரெண்டு தடவை. சார்ஜர் பத்து வாங்கிக்கோங்க. ஒண்ணு, மூணு, அஞ்சு இந்த மூணு விளிம்பும் சார்ஜர் அடியோட ஒட்டி, ரெண்டும் நாலும் அதுக்கு மேல ஏறி இருக்கணும். இப்படி அடுக்கினா எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் சரிதான். மொதல்ல கட்டைவிரல் வலிக்கும், பழகிடும்.

தோல்பை:
+1 சார்ஜருக்கு. எடுத்துட்டுப் போக பழைய மாதிரி காட்டன் பாண்டோலியர் (தோள்ல மாட்டுற தோட்டா பட்டை) போதும் ப்ரோ, அஞ்சு பாக்கெட், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு சார்ஜர், மொத்தம் 50. எடை ஒன்னேகால் கிலோ பக்கம் வரும், தோள்ல தெரியாது. நான் ஸ்டைலுக்கு ஒரு தோல் பெல்ட்டு வாங்கி அதுலயே மாசக்கணக்குல தோட்டாவ செருகி வச்சிருந்தேன், எடுத்துப் பாத்தா லூப் இருந்த இடம் மட்டும் வளையமா பச்சை. பதப்படுத்துன தோல்ல இருக்குற அமிலம் பித்தளைய அரிக்கும். என் பேர பாத்து யாரும் சிரிக்காதீங்க.

பழையபித்தளை:
பச்சைன்ன உடனே ஞாபகம் வருது, தோட்டா மேல எண்ணெய் தடவவே கூடாது. சுடும்போது கேஸ் (தோட்டாவோட பித்தளைக் கூடு) விரிஞ்சு சேம்பர் (பாரல்ல தோட்டா உக்காருற இடம்) சுவத்த இறுக்கிப் பிடிக்கணும், எண்ணெய் இருந்தா வழுக்கி அந்த உதை மொத்தமும் போல்ட் மேல விழும், இந்த ரைஃபிள்ல போல்ட்ட பூட்டிப் பிடிக்குற லாக்கிங் லக் வேற பின்னாடி இருக்கு. காஞ்ச துணியால தொடைங்க, போயிட்டா சரி. பித்தளைல குழி விழுந்திருந்தாலோ கழுத்துல கீறல் இருந்தாலோ சுடாதீங்க, குப்பைலயும் போடாதீங்க, ரேஞ்சுல ஒப்படைச்சிடுங்க.

புதுப்போல்ட்:
ரொம்ப நன்றிண்ணா. நேத்து விளிம்பு பாத்து பாத்துப் போட்டேன், பத்தும் போச்சு. ஆனா ஒண்ணு மட்டும் 'க்ளிக்'னு வெடிக்காம இருந்துச்சு, உடனே போல்ட்ட திறந்துட்டேன்.

தோல்பை:
ஐயோ அத பண்ணாதீங்க. பழைய சரக்குல லேட்டா வெடிக்குறது உண்டு, பாரல் டார்கெட்டப் பாத்தபடியே குறைஞ்சது அரை நிமிஷம் வச்சிருந்துட்டு அப்புறம் திறங்க. சுட்டு முடிச்சு அன்னிக்கே பாரல்ல சுடுதண்ணி ஊத்துங்க, பழைய ப்ரைமர் (தோட்டா அடியில இருக்குற, பத்த வைக்குற மூடி) பொட்டாசியம் குளோரைடு உப்ப விட்டுட்டுப் போகும், எண்ணெய்ல அது கரையாது, ஈரத்த இழுத்து துருவாக்கிடும். நல்லா காய வச்சிட்டு அப்புறம் எண்ணெய். எண்ணெய் போட அதுதான் இடம், தோட்டா இல்ல.


பழையபித்தளை:
அப்புறம் வீட்லயே ரொப்பிட்டுப் போற ஐடியாவ விட்டுடுங்க. ரைஃபிள் தனி, தோட்டா தனி பூட்டுன பெட்டி, ரொப்புறது ஃபயரிங் பாயிண்ட்ல ஆர்டர் குடுத்த அப்புறம்தான். வெயில்ல நிக்குற கார்லயும் பெட்டிய விடாதீங்க.