எந்த ஏரியா, எந்த கிளப்?

கொருக்குப்பேட்டை அம்மா:

என் பொண்ணுக்கு இப்போ பதினோரு வயசு. ஏழு வயசுல ஜிம்னாஸ்டிக்ஸ் ஆரம்பிச்சா. எங்க பக்கத்து மாஸ்டர் ஒருத்தர் தினமும் காலைல அஞ்சரைக்கு கார்ப்பரேஷன் கிரவுண்டுல பிள்ளைங்களுக்குக் கத்துக்கொடுக்கிறார். காசு வாங்க மாட்டார். அங்கே பீம், அதான் மேல ஏறி நின்னு ஆடுற ஒல்லியான நீளக்கட்டை, கிடையாது. நீளமான சிமெண்ட் திண்ணையில சாக்பீஸால ரெண்டு கோடு போட்டுடுவார். அந்தக் கோட்டுக்குள்ளதான் நடக்கணும், திரும்பணும், குதிக்கணும். நான் தையல் வேலை பார்க்கிறவ. ஒருநாள் என் டேப்பை வச்சு அளந்தேன், சரியா பத்து சென்டிமீட்டர். நிஜ பீமும் அதே அகலம்தானாம். ஆனா அது 125 சென்டிமீட்டர் உயரத்துல நிக்கும். அந்த உயரத்தை என் பொண்ணு முதல்ல பார்த்ததே, அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வு அன்னைக்குத்தான்.

லியோட்டார்டை, அதான் உடம்போட ஒட்டி நிக்கிற ஆட்ட உடுப்பை, எம்.சி. ரோட்டுல இழுத்தா நீளுற துணி வாங்கி நானே தச்சேன். பல்டி அடிக்கிறப்போ தோள்பட்டை விலகிடக் கூடாதுன்னு எலாஸ்டிக்கை ரெண்டு தடவை பிரிச்சுப் பிரிச்சுத் தச்சேன்.

தேர்வு அன்னைக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கத்தோட பதிவு மேஜையில இருந்தவர் "எந்த ஏரியா?"ன்னு கேட்டார். சொன்னேன். பக்கத்துல இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். "எந்த கிளப்?" மாஸ்டர் பேரைச் சொன்னதும் பேனாவை மூடி வச்சுட்டார். "அந்தப் பேர்ல எங்ககிட்ட பதிவு இல்லையேம்மா. வந்துட்டீங்க, ஆடட்டும்."

ஆடினா. பீம்ல ஏறினதும் ரெண்டு கையையும் விரிச்சு நின்னவ, ஒரு தடவைகூட கீழே பார்க்கவே இல்ல. கடைசி வரைக்கும் விழல. சாயங்காலம் பட்டியல் ஒட்டினாங்க. அதுல நாலு பேர், நாலும் ஒரே கிளப். அந்த கிளப்போட கோச் தேர்வுக் குழுவுல உட்கார்ந்திருந்தார். மார்க் எவ்வளவுன்னு கேட்டேன். "அதெல்லாம் வெளியில தர்றதில்ல. எங்க இணைப்பு உள்ள கிளப்புல சேர்த்துடுங்க, அடுத்த வருஷம் பார்க்கலாம்." அங்கே மாசம் ஆறாயிரம் ஃபீஸ். நான் ரெண்டு மாசம் தச்சாலும் அவ்வளவு மிஞ்சாது.

பஸ்ல வர்றப்போ, "நான் எங்கம்மா தப்பு பண்ணேன்?"னு கேட்டுக்கிட்டே வந்தா. எனக்குச் சொல்லத் தெரியல. உங்க யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

வியாசர்பாடி, முன்னாள் ஆட்டக்காரன்:

அக்கா, எனக்கு நடந்திருக்கு. நான் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடின காலத்துல ரெண்டு சங்கம், ரெண்டும் நாங்கதான் அசல்னு சொல்லிக்கிட்டாங்க. நான் போன சங்கத்துல ரெண்டு வருஷம் மெடல் வாங்கினேன். அப்புறம் அரசு வேலைக்கு விளையாட்டு வீரர்களுக்கான 3% ஒதுக்கீட்டுல விண்ணப்பிச்சப்போதான் விஷயமே தெரிஞ்சது. அங்கீகாரம் இல்லாத சங்கத்து சர்டிபிகேட் செல்லாதுன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. சண்டை போட்டவங்க இன்னைக்கும் பதவியில இருக்காங்க, நான் மாதவரத்துல லோடு வண்டி ஓட்டுறேன்.

மேல போனாலும் இதே கதைதான். நம்ம நாட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகர் 2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல வால்ட்ல, அதான் ஓடி வந்து மேஜை மேல கை ஊனிப் பாயுற ஆட்டத்துல, நாலாவது வந்தாங்க, 0.15 மார்க்ல வெண்கலம் போச்சு. அந்த நேரத்துல நம்ம நாட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனத்துக்கு கோஷ்டிச் சண்டையால மத்திய அரசோட அங்கீகாரமே கிடையாது. 2023 ஆசிய விளையாட்டுக்கு நடந்த தேர்வுல அவங்கதான் முதல், ஆனாலும் விதிமுறையைக் காட்டி அனுப்பல. மறுவருஷமே ஆசிய சாம்பியன்ஷிப்ல தங்கம் ஜெயிச்சாங்க.

நம்ம புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024-ல அமெரிக்கா போய் கேரம்ல மூணு தங்கம் வாங்கினா. கேரம் போர்டு நம்ம தெருவுக்குத் தெரு இருக்கு. பீமும் தொங்கி ஆடுற பாரும் பூட்டின ஹாலுக்குள்ள இருக்கு, சாவி சங்கத்துக்கிட்ட.

திருவொற்றியூர் பி.டி. வாத்தியார்:

அம்மா, பாப்பா கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இந்த ஆட்டத்தில் ரெண்டு வகை மார்க் உண்டு. ஆட்டத்தின் கடினத்துக்கு டி மார்க், ஆடிய சுத்தத்துக்கு இ மார்க். இ மார்க் பத்தில் ஆரம்பித்துக் கழித்துக்கொண்டே வரும். முழங்கால் லேசாக மடிந்தால் 0.1, விழுந்தால் முழுசாக 1. சர்வதேச விதிப்படி டி மார்க்கை எதிர்த்து உடனே முறையிடலாம், இ மார்க்கை எதிர்த்து முறையிடவே வழி இல்லை. அதனால் நடுவர் மேஜையில் யார் உட்கார்கிறார் என்பது பெரிய விஷயம். தன் கிளப் பிள்ளைக்கு மார்க் போடும் இடத்தில் ஒரு கோச் இருக்கவே கூடாது. அந்த மார்க் தாளை எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் "கேட்கவே இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். பாப்பா தப்பு எதுவும் பண்ணவில்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை அம்மா:

சார், நீங்க எழுதினதை அவகிட்ட அப்படியே படிச்சுக் காட்டினேன். ரெண்டாவது தடவை அவளே வாங்கிப் படிச்சா.

நீங்க சொன்ன மாதிரி மனு எழுதி, ஒப்புகை அட்டை வச்சுத் தபால்ல அனுப்பினேன். அட்டை கையெழுத்தோட திரும்பி வந்துடுச்சு. பதில் இன்னும் வரல, இருபத்தி ரெண்டு நாள் ஆச்சு. அடுத்து யாருக்கு எழுதணும் சார்? நேத்து மழையில திண்ணைக் கோடு அழிஞ்சு போச்சு. இன்னைக்குக் காலைல என் டேப்பை எடுத்துக்கிட்டுப் போய் அவளே அளந்து போட்டுட்டா.