முதல் ஹை-விஷன் குழாய்க் கேமராக்களோடு பழகியவர்கள் பகிருங்கள்

கடலூரான்:
எண்பதுகளின் இறுதியில் டோக்கியோவில் ஒரு படப்பிடிப்பு நிறுவனத்தில் வீடியோ பொறியாளருக்கு உதவியாளராக இருந்தேன். ஹை-விஷன் என்ற ஜப்பானிய உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கான 1125 வரிக் கேமரா அது. உள்ளே சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஒன்றாக, ஒளியை மின்சிக்னலாக மாற்றும் மூன்று ஒரு அங்குலச் சாட்டிகான் குழாய்கள். காலையில் மின்சாரம் கொடுத்து, குழாய்கள் சூடேறி நிலைபெறும்வரை காத்திருப்போம். அதன் பிறகே ரெஜிஸ்ட்ரேஷன். மூன்று படங்களும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். பழைய சாதாரணத் தொலைக்காட்சியின் 525 வரிக் கேமராவில் யாரும் கவனிக்காத விலகல் இதில் நிறவிளிம்பாகத் துருத்தி நிற்கும். நடுவில் சரிசெய்தால் மூலையில் விலகும். கேமராவை வேறு பக்கம் திருப்பினாலே குழாய்க்குள் படத்தை வரிவரியாகப் படிக்கும் எலக்ட்ரான் கற்றையைப் பூமியின் காந்தப்புலம் சற்று நகர்த்திவிடும்.

ஆனாலும் எங்களை அதிகம் வாட்டியது வெளிச்சம்தான். பழைய முறையில் நொடிக்கு 15,734 வரிகள், இதிலோ 33,750. ஒவ்வொரு புள்ளியையும் படிக்கக் கிடைக்கும் நேரம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. 4.2 மெகாஹெர்ட்ஸ் போதுமாக இருந்த சிக்னலுக்கு இப்போது சுமார் 30 மெகாஹெர்ட்ஸ் தேவை. அலைவரிசை அகலமாக ஆக, குழாயின் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் முன்பெருக்கியின் இரைச்சலும் ஏறிக்கொண்டே போகும். அதை அமுக்க விளக்குக்கு மேல் விளக்கு. அந்த வெப்பத்தில் நடிகர்களின் ஒப்பனை நிற்காது. லென்ஸை முழுவதும் திறந்தால் ஃபோகஸ் ஆழம் போய்விடும். அந்தக் கூர்மையில் சிறு ஃபோகஸ் பிசகும் பளிச்சென்று தெரியும். கற்றை மின்னோட்டத்தைக் கூட்டினால் அதன் முனை தடித்துக் கூர்மை மங்கும். குறைத்தாலோ, மின்னும் நகை அசையும்போது பின்னால் வால் நீளும். எல்லாப் பக்கமும் வழி அடைபட்டிருந்தபோதும் அன்றைய பொறியாளர்கள் நல்ல படம் எடுத்துக் கொடுத்தார்கள் என்பது இன்றும் எனக்கு வியப்பு.

ராஸ்டர்:
பராமரிப்புப் பக்கம் இருந்தவன் நான். சாட்டிகானின் ஒளியுணர் படலம் படிகமாகாமல் கண்ணாடி போன்ற நிலையில் உள்ள செலினியம். படிகத் துகள்கள் இல்லாததால் ஒளி சிதறாது. நுண்விவரம் நன்றாக வரும். ஆனால் சூடு அதிகமானால் அதுவே படிகமாகிக் கெட்டுவிடும். அதனால் கேமராவைச் சுற்றிய வெப்பத்தை அடிக்கடி கவனிப்போம்.

கடலூரான்:
உண்மை. அதே செலினியத்தில்தான் எங்கள் வெளிச்சப் பிரச்சினைக்கு விடையும் இருந்தது. 1985-இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் ஆய்வாளர் தனியோகா கென்கிச்சி, படலத்துக்கு உயர்மின்னழுத்தம் கொடுத்தால் மின்னூட்டம் அதற்குள்ளேயே பெருகுவதைக் கண்டார். அதிலிருந்து பிறந்ததுதான் ஹார்ப் குழாய். தொடக்ககாலக் குழாயே ஏறக்குறைய பத்து மடங்கு உணர்திறன் தந்தது. பெருக்கியை எட்டுமுன்பே சிக்னல் பெரிதாகிவிடுவதால் அந்த இரைச்சல் அவ்வளவாகத் தொல்லை தராது. மங்கலான மேடை வெளிச்சத்தில் அதன் படத்தை முதன்முதலாக மானிட்டரில் பார்த்த அன்று, எங்கள் குழுவினர் விளக்குகளைத் தாங்களாகவே ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தார்கள்.